புயலும் கடல்வெள்ளமும்: ஆய்வைத் தொடங்குவோருக்கான செய்முறை

புயல் கரையைக் கடக்கும்போது மிகுதியான உயிர்களைப் பறிப்பது பெரும்பாலும் காற்றன்று, நீர். 1970-ஆம் ஆண்டு போலா புயலில் வங்காள விரிகுடாவின் வடகரையில் இறந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலானோரைக் கொண்டுபோனது திரண்டெழுந்த கடல். ஆகவே இத்துறைக்கு வருபவர் காற்றின் வேகத்தோடு நின்றுவிடாமல், நீர் எந்த உயரத்துக்கு வரும், அங்கே நிலம் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மடிக்கணினியும் பைத்தான் மொழியில் அடிப்படைப் பழக்கமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: எல்லையை வரையறுங்கள்

ஒரு கடற்கரைப் பகுதி, ஒரு காலக்கட்டம், ஒரு விளைவு என்று கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: புயல் தடங்களைத் திரட்டுங்கள்

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா (NOAA) பராமரிக்கும் ஐபிட்ராக்ஸ் (IBTrACS) தொகுப்பில் உலகப் புயல்களின் தடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அட்டவணையாக வரும் சிஎஸ்வி (CSV) கோப்பின் இரண்டாவது வரியில் தரவு இருக்காது, அலகுகளே இருக்கும், அதை நீக்கிவிடுங்கள். புயல் உருவாகும் கடற்பகுதியைப் படுகை என்பார்கள்; வட அட்லாண்டிக் படுகையின் குறியீடு ‘என்ஏ’ (NA) என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் நூலகமான பாண்டாஸ் (pandas) அதை வெற்றிடம் என்று எடுத்துக்கொள்வதால், அந்தப் படுகையின் பெயரே அட்டவணையிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துபோகும். கோப்பைத் திறக்கும் கட்டளையிலேயே இதைத் தடுத்துவிடுங்கள்.

காற்று வேகத்தில் இன்னும் கவனம் தேவை. அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியையும், புதுதில்லி மையம் மூன்று நிமிடச் சராசரியையும், வேறு பல மையங்கள் பத்து நிமிடச் சராசரியையும் தருகின்றன. சராசரிக்கான நேரம் குறையக் குறைய எண் கூடும் என்பதால், இவற்றைக் கலந்து ஒரே வரைபடத்தில் இட்டால் இல்லாத போக்கு ஒன்று தோன்றிவிடும். நீண்டகாலப் போக்கை ஆராய்வதாக இருந்தால், செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலைபெற்ற 1980-க்குப் பிந்தைய பதிவுகளோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

படி 3: நீர்மட்டத்தைப் பிரித்தறியுங்கள்

ஹவாய் பல்கலைக்கழகக் கடல்மட்ட மையம் துறைமுகங்களில் கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானிகளின் மணிவாரிப் பதிவுகளை வழங்குகிறது. பதிவான மட்டத்திலிருந்து கணிக்கப்பட்ட ஓதத்தை, அதாவது கடலின் வழக்கமான ஏற்றவற்றத்தை, கழித்தால் எஞ்சுவதில் பெரும்பகுதி புயல் எழுச்சி, அதாவது புயலால் கடல் உயர்ந்த அளவு. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் கடல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும்; அழுத்தம் 1010-லிருந்து 950-க்கு இறங்கினாலும் அதனால் வருவது 60 சென்டிமீட்டர்தான். மீதியெல்லாம் ஆழமற்ற கடலடித் தளத்தின் மேல் காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளுவதால் விளைவது. பெரும்புயலின் உச்சத்தில் கருவியே பழுதாகிப் பதிவு அறுந்துபோவதும் உண்டு என்பதால், இடைவெளி விழுந்த நாள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

படி 4: அரிய நிகழ்வுகளைக் கணக்கிடுங்கள்

‘நூறாண்டு வெள்ளம்’ என்பது நூறாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருவதன்று. எந்த ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புடையது. 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது நேரும் வாய்ப்பு 26 சதவீதம். ஒரு கரையை நேரடியாகத் தாக்கிய புயல்கள் மிகச் சிலவாகவே இருக்கும் என்பதால், புள்ளியியல் முறையில் கணினியில் உருவாக்கப்பட்ட செயற்கைப் புயல் தடங்களையும் பயன்படுத்துவது இத்துறையின் வழக்கம்.

படி 5: நில உயரத்தைச் சரிபாருங்கள்

எனக்குத் தெரிந்தவரை, தொடக்க ஆய்வுகள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் (SRTM) என்னும் நில உயரத் தரவில், ரேடார் கண்ட உயரம் பல இடங்களில் கூரையும் மரத்தலையுமே தவிரத் தரையன்று. தோப்பு ஒன்று மேடாகத் தெரியும். வரைபடத்தில் அது நனையாமல் தப்பிவிடும், உண்மையில் அங்கே இடுப்பளவு நீர் நிற்கும். மரமும் கட்டடமும் நீக்கித் திருத்திய உயர மாதிரிகளைத் தேடுங்கள். அத்துடன் ஓதமானியின் பூஜ்யமும் உயர மாதிரியின் பூஜ்யமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே அடிமட்டத்துக்கு, அதாவது உயரத்தை அளக்கத் தொடங்கும் ஒரே மட்டத்துக்கு, கொண்டுவராமல் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவே கூடாது. தாழ்வான சமவெளியில் அரை மீட்டர் பிழை பல கிலோமீட்டர் நிலத்தை நீருக்குள்ளோ வெளியிலோ தள்ளிவிடும்.

படி 6: எதிர்காலத்தைச் சேருங்கள்

காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் (IPCC) ஆறாவது அறிக்கைப்படி, 1995–2014 சராசரியோடு ஒப்பிட, 2100-இல் உலகக் கடல்மட்ட உயர்வு பசுங்குடில் வாயுக்களின் மிகக் குறைந்த உமிழ்வில் 0.28–0.55 மீட்டர், மிக அதிக உமிழ்வில் 0.63–1.01 மீட்டர் அளவில் இருக்கக்கூடும். உங்கள் கரையில் நிலமே அமிழ்ந்துகொண்டிருந்தால் அதையும் கூட்டுங்கள். புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடும் என்று எழுதிவிடாதீர்கள்: எண்ணிக்கை மாறாமலோ குறைந்தோ போகலாம், கடும் புயல்களின் விகிதம் கூடும் என்பதே அறிவியலாளர்கள் எதிர்பார்ப்பது.

படி 7: பழைய புயலோடு ஒப்பிடுங்கள்

எதிர்கால வரைபடத்தை வெளியிடும் முன், ஏற்கெனவே நிகழ்ந்த ஒரு புயலின் நீர்மட்டத்தை அதே முறையில் இட்டு, கிடைக்கும் வெள்ளப் பரப்பைச் செயற்கைக்கோள் படத்தோடும் சுவர்களில் பதிந்த நீர்த்தடங்களோடும் ஒப்பிடுங்கள். கடலோடு தொடர்பே இல்லாத உட்பகுதிப் பள்ளங்கள் வரைபடத்தில் நிரம்பியிருந்தால், நீர் சென்றடைய வழியுள்ள இடங்களை மட்டும் நிரப்பும்படி கணக்கை மாற்றுங்கள். இந்த ஒப்பீடு பொருந்திய பிறகே மக்கள்தொகைத் தரவை அதன்மேல் பரப்பி, எத்தனை பேர் என்பதை ஒற்றை எண்ணாக அல்லாமல் கீழெல்லை, மேலெல்லையோடு எழுதுங்கள்.