1883 இறுதியாட்டத்தை எழுதப்போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கால்பந்தைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்கள் எப்படியோ முதலில் 1883இல்தான் போய் நிற்கிறார்கள். அந்த ஆண்டு மார்ச் 31, சனிக்கிழமை, லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக் கால்பந்து சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். நடப்புச் சாம்பியனான ஓல்டு ஈட்டோனியன்ஸ் அணியை வட இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. கோப்பையை வைத்திருந்த அணி ஒன்று இறுதியாட்டம் வரை வந்து அதைப் பறிகொடுத்தது அதுவே முதல் முறை. ஒரு பக்கம் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். மறுபக்கம் நெசவாளர், நூற்பாலைக்காரர், குழாய் வேலை செய்கிறவர். இதைவிட நல்ல கரு எங்கே கிடைக்கும் என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில்தான் எல்லாம் கெடுகிறது.

இளைஞர்கள் எழுதும் விளையாட்டு வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. நான் தொடக்கத்தில் இடறிய கற்களிலேயே அவர்களும் வரிசையாக இடறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆண்டு, பெயர், கோல் கணக்கு போன்றவற்றை யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கு இங்கே இடமில்லை.

ஒரே ஊர், இரண்டு அணிகள்

பிளாக்பர்ன் ஒலிம்பிக் வேறு, பிளாக்பர்ன் ரோவர்ஸ் வேறு. 1882 இறுதியாட்டத்தில் இதே ஈட்டோனியன்ஸிடம் 1-0 என்று தோற்றது ரோவர்ஸ். இன்றும் இருப்பது ரோவர்ஸ். ஒலிம்பிக் 1889இல் கலைந்துவிட்டது.

இன்றைய மைதானத்தை அன்றைக்குக் கொண்டுபோவது

"பந்து வலையை முத்தமிட்டது" என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கோல் வலை 1891இல்தான் வந்தது. பெனால்டியும் அந்த ஆண்டில்தான். 1883இல் களத்துக்குள் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கத்துக்கு என்று இரண்டு அம்பயர்கள். நடுவர் கோட்டுக்கு வெளியே இருந்து, அவர்களுக்குள் ஒத்துப்போகாதபோது தீர்ப்புச் சொன்னார். சட்டைகளில் எண் கிடையாது. அந்த மைதானமே கிரிக்கெட்டுக்கானது. ஏழு மாதங்களுக்கு முன்பு அங்கேதான் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் 7 ரன் வித்தியாசத்தில் தோற்று, ஆஷஸ் என்ற பேச்சே பிறந்தது. இந்த விவரங்களில் இரண்டைச் சேர்த்தாலே கட்டுரைக்கு அந்தக் காலத்து நிறம் வந்துவிடும். வலையை முத்தமிட வைக்க வேண்டியதில்லை.

"ஏழைகள் மன உறுதியால் வென்றார்கள்"

இதுதான் எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிற தவறு. மற்றவற்றை ஒரு வரியில் திருத்திவிடலாம். இது நுழைந்தால் கட்டுரை முழுவதையும் திரும்ப எழுத வேண்டும்.

ஒரு சிற்றிதழ் விளையாட்டுச் சிறப்பிதழ் கொண்டுவந்தது. 1883 ஆட்டம்தான் முகப்புக் கட்டுரை. எழுதிய இளைஞர் கெட்டிக்காரர், நடை துள்ளியது. ஆனால் அவருடைய ஒலிம்பிக் வீரர்கள் ஆலைச் சங்கு ஊதியதும் அரைப்பட்டினியாக ரயிலேறி, நேரே ஓவலில் இறங்கி, நெஞ்சுரத்தால் மட்டும் பிரபுக்களைச் சாய்த்தார்கள். ஓவியர் அதைப் படித்துவிட்டு வெறுங்காலோடு ஓடும் பதினொரு பேரை முகப்பில் வரைந்துவிட்டார். அட்டை அச்சாகி, கட்டு கட்டாக வந்திறங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அட்டைக்கான செலவு முழுவதும் பழைய காகிதக் கடைக்குப் போனது. ஓவியரின் உழைப்பு அதற்கும் மேல்.

வெறுங்கால் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் புரியும். நம் மனத்தில் ஏற்கெனவே ஓர் ஆட்டம் இருக்கிறது. 1911 ஜூலை 29, கல்கத்தாவில் மோகன் பாகன் என்ற இந்திய அணி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் படையணியை வென்றது. அதுவும் 2-1. ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த அச்சில் 1883ஐ வார்த்துவிடுகிறோம். ஆள்கிறவனை ஆளப்படுகிறவன் வென்ற கதை கல்கத்தாவுக்குப் பொருந்தும். பிளாக்பர்னில் நடந்தது வேறு.

அங்கே என்ன நடந்தது என்று பார்க்க 1879க்குப் போக வேண்டும். பிளாக்பர்னுக்குப் பக்கத்தில் டார்வென் என்ற ஆலை ஊர். அந்த ஊர் அணி எஃப்.ஏ. கோப்பையில் இதே ஓல்டு ஈட்டோனியன்ஸை லண்டனில் சந்தித்தது. 5-1 என்று பின்தங்கியிருந்து 5-5 என்று சமன் செய்தது. கூடுதல் நேரம் ஆட ஈட்டோனியன்ஸ் ஒப்பவில்லை. டார்வென் திரும்ப லண்டனுக்கு வர வேண்டியதாயிற்று. ரயில் கட்டணத்துக்கு ஊரில் வசூல் செய்தார்கள். இரண்டாவது ஆட்டம் 2-2. மூன்றாவது முறையும் லண்டன்தான், 6-2 என்று தோற்றார்கள். மன உறுதி வேண்டுமென்றால் அது டார்வெனிடம் கொட்டிக் கிடந்தது. தோற்றதும் டார்வென்தான். வேலைக்கும் ரயிலுக்கும் நடுவே கிடந்து களைத்த கால்கள் எத்தனை முறைதான் ஓடும்?

நான்கு ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக் அந்தப் பாதையில் போகவில்லை. சிட்னி யேட்ஸ் என்ற இரும்பு வார்ப்பாலை முதலாளி பணம் போட்டார். ஷெஃபீல்டில் ஆடி இங்கிலாந்து அணிக்கும் போன ஜாக் ஹன்டர் அணியில் சேர்ந்து, ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். இறுதியாட்டத்துக்கு முன்னால் வீரர்களைப் பிளாக்பூல் கடற்கரைக்கு அழைத்துப்போய்த் தங்கவைத்தார்கள். ஆலை வேலை இல்லை, ஆட்ட வேலை மட்டும். அந்தத் தங்கலின் சாப்பாட்டுப் பட்டியல் என்று ஒன்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது: விடிகாலையில் போர்ட் ஒயினும் பச்சை முட்டையும், பிறகு மணலில் நடை, காலை உணவுக்குக் கஞ்சியும் மீனும், மதியம் ஆட்டுத் தொடை இறைச்சி, இரவுக்குச் சிப்பி. புதியவர்கள் இதைச் சிரிப்புக்காகச் சேர்க்கிறார்கள். நான் அதை வேறு மாதிரி படிக்கச் சொல்வேன். ஆட்டத்துக்காக ஆட்களைத் தனியே தங்கவைத்து, கணக்குப் பார்த்து உணவிட்டு, நடக்கவைத்துத் தயார் செய்வது அந்தக் காலக் கோப்பை அணிகள் பெரும்பாலும் அறியாத ஒன்று.

அரையிறுதியில் இவர்கள் வென்றது யாரை? 1881இல் கோப்பையை வென்ற ஓல்டு கார்தூசியன்ஸை, 4-0 என்று. அதற்குப் பிறகும் இறுதியாட்ட வெற்றியை "அதிசயம்" என்று எழுதினால் அரையிறுதியை நீங்கள் படிக்கவேயில்லை என்று அர்த்தம். களத்திலும் அதுதான் தெரிந்தது. பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு எதிரிகளைத் தாண்டி ஓடுவது ஈட்டோனியன்ஸ் பழகிய ஆட்டம். ஒலிம்பிக் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீளமாகப் பந்தைக் கடத்தி அவர்களை அலையவிட்டது. முதல் பாதியில் ஹாரி குட்ஹார்ட் ஈட்டோனியன்ஸுக்குக் கோல் போட்டார். இரண்டாம் பாதியில் மேத்யூஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஜான் யேட்ஸ் கொடுத்த பந்தை நூற்பாலைத் தொழிலாளி ஜிம்மி காஸ்ட்லி கோல்காப்பாளர் ராலின்சனைத் தாண்டி அடித்தார். 90 நிமிடங்கள் முடிந்த பிறகும் ஓடுவதற்கு யாரிடம் மூச்சு மிச்சமிருந்தது என்று கேளுங்கள். பதில் பிளாக்பூலில் இருக்கிறது.

தொழிலாளிகள் வென்றார்கள் என்பது உண்மை. அந்த வெற்றிக்குத் திட்டமும் பயிற்சியும் ஒரு முதலாளியின் பணமும் இருந்தன என்று எழுதினால் அவர்கள் பெருமை குறைந்துவிடாது. வெறும் ஆவேசத்தால் வென்றார்கள் என்று எழுதுவதுதான் அவமதிப்பு. உழைக்கிறவனுக்கு உடம்பு மட்டும் உண்டு, திட்டமிடத் தெரியாது என்று அல்லவா அதற்குப் பொருள்?

டன்னின் காயம்

இரண்டு பள்ளங்கள். ஈட்டோனியன்ஸ் வீரர் ஆர்தர் டன் காயத்தோடு வெளியேறியதை விட்டுவிடுவது ஒன்று. அதையே தோல்விக்கு முழுக் காரணமாக்குவது இன்னொன்று. மாற்று வீரர் என்ற ஏற்பாடே அன்று இல்லாததால் ஈட்டோனியன்ஸ் மிச்ச ஆட்டத்தைப் பத்துப் பேரோடு ஆடினார்கள். கூடுதல் நேரத்தில் அது பெரிய சுமை, மறுப்பதற்கில்லை. ஆனால் சமன் செய்த கோல் டன் வெளியேறுவதற்கு முன்பே விழுந்துவிட்டது. வரிசையை மாற்றாமல் எழுதுங்கள், வாசகர் முடிவு செய்துகொள்வார்.

"முதல் தொழில்முறை அணி"

கவனம். சம்பளத்துக்கு ஆடுவதை இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் அனுமதித்தது 1885 ஜூலையில்தான். 1884இல் பிரெஸ்டன் அணி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காகக் கோப்பைப் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. ஹன்டர் போன்றவர்கள் ஊர் விட்டு ஊர் வந்து ஆடியது சும்மாவா என்று அன்றே முணுமுணுப்பு இருந்தது. முணுமுணுப்பை முணுமுணுப்பாகவே எழுதலாம். ஆனால் அமெச்சூர் காலம், அதாவது பணம் வாங்காமல் ஆடியவர்களின் காலம், அன்று மாலையோடு முடிந்தது என்று எழுதாதீர்கள். அடுத்த இரண்டு இறுதியாட்டங்களிலும் பிளாக்பர்ன் ரோவர்ஸை எதிர்த்து ஆடித் தோற்றது கிளாஸ்கோவின் குவீன்ஸ் பார்க், அது சுத்தமான அமெச்சூர் அணி.

தோற்றவர்களைக் கோமாளிகளாக்குவது

ஈட்டோனியன்ஸ் மாணவர்கள் அல்லர், வளர்ந்த மனிதர்கள். அவர்களில் ஒருவரான ஆர்தர் கினெய்ர்டுக்கு அப்போது வயது 36, தொழில் வங்கி. அது அவருடைய ஒன்பதாவது இறுதியாட்டம். ஐந்தில் வென்றிருந்தார். முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போனவர், செந்தாடிக்காரர். பட்டுக் கைக்குட்டையோடு களமிறங்கிய சோம்பேறிப் பிரபுவாக ஒருவர் அவரைச் சித்திரித்திருந்தார். கினெய்ர்டோடு மோதி எழுந்த எவரும் அதை ஒப்பமாட்டார். தோற்றவர் பலசாலி என்று காட்டினால்தான் வென்றவருக்கு மதிப்பு. இது கூடவா சொல்லித் தர வேண்டும்?

வார்பர்ட்டன் சொன்னது

கோப்பை இனி லண்டனுக்குத் திரும்பாது என்று ஒலிம்பிக் அணித் தலைவர் ஆல்பர்ட் வார்பர்ட்டன் சொன்னதாக வழங்குகிறது. மேற்கோள் குறி போடாதீர்கள். அந்தச் சொல் பலிக்கவும் இல்லை: 1901இல் டாட்டனம் வென்றது, அது லண்டன் அணி.

கோப்பைப் படம்

இன்றைய வடிவம் 1911இல் வந்தது. வார்பர்ட்டன் வாங்கிய சிறிய கோப்பை 1895இல் பர்மிங்காமில் ஒரு கடை ஜன்னலிலிருந்து திருடுபோய்விட்டது. பெரிய கோப்பையின் படத்தை 1883 கட்டுரைக்கு மேலே ஒட்டி என்னிடம் அனுப்பாதீர்கள்.