எத்தனையாம் வகுப்பு? ஒன்ராறியோவில் ஆசிரியராக விரும்பும் புதியவர்களுக்கு

ஊரில் ஒருவர் ஆசிரியர் என்று சொன்னால் அடுத்துக் கேட்பது, "என்ன பாடம்?" கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கேட்பது, "எத்தனையாம் வகுப்பு?" இங்கே ஆசிரியர் கல்வி பிள்ளைகளின் வயதை வைத்தே பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று ஊரெல்லாம் விசாரிப்பதற்கு முன் இந்தப் பிரிவைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. இலங்கையிலோ இந்தியாவிலோ பட்டமும் பெற்று, முறையான ஆசிரியர் பயிற்சியும் முடித்தவரா நீங்கள்? அப்படியானால் பி.எட். விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியிடம் நேரடியாக உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். பெயரில் கல்லூரி இருந்தாலும் அங்கே யாரும் படிப்பதில்லை. ஆசிரியர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு அது. உங்கள் பயிற்சியை மதிப்பிட்டு, குறை இருந்தால் இன்னும் எதைப் படிக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். பயிற்சிச் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே மறுபடியும் முழுக் கட்டணம் கட்டிப் படித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார்.

இனிப் பிரிவுகள். பாலர் வகுப்பு முதல் 3 வரை பிரைமரி, 4 முதல் 6 வரை ஜூனியர், 7 முதல் 10 வரை இன்டர்மீடியட், 11, 12 சீனியர். அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஆகவே பி.ஜே., ஜே.ஐ., ஐ.எஸ். என்று மூன்று வழிகள். பி.ஜே. படித்தவர் பொதுவாக எல்லாப் பாடமும் கற்பிப்பார். ஜே.ஐ.க்குத் தனிப் பாடம் ஒன்று வேண்டும், ஐ.எஸ்.ஸுக்கு இரண்டு. இந்தத் தனிப் பாடத்தைத்தான் இங்கே 'டீச்சபிள்' என்கிறார்கள்.

நம்மவர்கள் அதிகம் இடறுவது இந்த டீச்சபிளில்தான். எந்தப் பாடம் பிடிக்கும், எதில் கெட்டிக்காரர் என்பதை யாரும் கேட்பதில்லை. உங்கள் பட்டப்படிப்பின் மதிப்பெண் பட்டியலை எடுத்துவைத்து, அந்தப் பாடத்தில் எத்தனை கோர்ஸ் என்று எண்ணுவார்கள். முதல் பாடத்துக்குப் பொதுவாக ஐந்து அல்லது ஆறு முழுவருடக் கோர்ஸ், இரண்டாவதற்கு மூன்று அல்லது நான்கு. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இது மாறும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பொறியியல் பட்டதாரி. உயர்தரத்துக்கு ஊரில் பௌதிகம் டியூஷன் கொடுத்தவர், அதனால் பௌதிகமும் கணிதமும் என்று எண்ணிக்கொண்டிருந்தார். பட்டியலை மேசையில் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் குறித்தோம். கணிதம் தாராளமாகத் தேறியது. பௌதிகம் என்ற தலைப்பில் முதல் வருடத்தில் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் பொறியியல். கடைசியில் இரண்டாம் பாடத்துக்காக வேலை முடிந்த மாலைகளில் சில கோர்ஸ்களைத் தனியாக எடுத்தார். ஒரு வருடம் தள்ளிப்போனது. ஆகவே பல்கலைக்கழக இணையப் பக்கத்தைத் திறப்பதற்கு முன் உங்கள் பட்டியலைத் திறந்து எண்ணுங்கள்.

பட்டியல் எதை அனுமதிக்கிறது என்று தெரிந்த பிறகு, எந்த வயதுப் பிள்ளைகளோடு நாளைக் கழிக்க உங்களால் முடியும் என்று பாருங்கள். பெரிய வகுப்பு எடுப்பவருக்குத்தான் மதிப்பு என்ற ஊர் நினைப்பை விமானநிலையத்திலேயே விட்டுவிடலாம். இங்கே அரசுப் பள்ளிகளில் சம்பளம் உங்கள் தகுதியையும் பணியாண்டுகளையும் பொறுத்தது. எத்தனையாம் வகுப்பு என்பதால் அது உயர்வதில்லை.

ஜனவரி மாதம், இரண்டாம் வகுப்பு, இடைவேளைக்குப் போகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். இருபது பிள்ளைகள். ஸ்னோ பேண்ட், பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கடைசியாகக் கையுறை. ஒருவன் கையுறையை முதலில் போட்டுவிட்டான். இப்போது ஜிப்பைப் பிடிக்க முடியாமல் அழுகிறான். இன்னொருத்தியின் இடது பூட்ஸ் வலது காலில். நீங்கள் தரையில் மண்டியிட்டு ஜிப்புகளை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கால் மணி நேரத்தில் அவர்கள் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இது சிலருக்குச் சிரிப்பாக இருக்கும், சிலருக்கு நரகம். ஒன்பதாம் வகுப்புக் கணிதம் வேறு மாதிரி. 2021 முதல் அங்கே எல்லா மட்டத்து மாணவர்களும் ஒரே வகுப்பில். பாடத்தை முடித்துவிட்டு மேசையில் தலைசாய்த்திருப்பவனும், பின்னக் கணக்கில் தடுமாறுபவளும் அடுத்தடுத்த இருக்கையில். ஜிப் இழுக்கத் தேவையில்லை, ஆனால் உங்களைப் பார்க்காத முப்பது முகங்களுக்குப் பழக வேண்டும்.

கணக்குக்குப் பயந்து பி.ஜே. எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வகுப்பிலும் தினமும் கணக்கு உண்டு. போதாக்குறைக்கு ஆசிரியர் உரிமத்துக்கென்றே கணிதத் தேர்ச்சிப் பரீட்சை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2021இல் நீதிமன்றம் அதை நிறுத்தியது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீட்டுக்கொடுத்தது. எந்தப் பிரிவுக்காரரும் அதிலிருந்து தப்ப முடியாது.

பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். எல்லா இடத்திலும் எல்லாப் பிரிவும் கிடையாது. யோர்க் பல்கலைக்கழகத்தில் மூன்றும் உண்டு. ஓஷவாவில் உள்ள ஒன்ராறியோ டெக்கில் பி.ஜே.யும் ஐ.எஸ்.ஸும் மட்டும். ஸ்காபுறோ, ஏஜாக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அது கிட்ட. ரொறன்ரோ பல்கலைக்கழகம் பி.எட். தருவதை நிறுத்தி முதுகலை மட்டத்துக்குப் போய்விட்டது. அதற்கு நேரடியாக அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'டீஸ்' என்ற பொது விண்ணப்பச் சேவை இருக்கிறது. அடுத்த செப்டம்பர் வகுப்புக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே கதவு மூடிவிடும்.

ஒன்று மறந்துவிட்டேன். டேகேரில் வேலை செய்யும் அக்காமார் பலர், பாலர் வகுப்பில் நிற்பதற்கும் பி.எட். தேவை என்று நினைக்கிறார்கள். இங்கே பாலர் வகுப்பில் பெரும்பாலும் இரண்டு பேர் இருப்பார்கள்: ஓர் ஆசிரியர், ஓர் ஆரம்பக் குழந்தைப்பருவக் கல்வியாளர். இரண்டாமவருக்குக் கல்லூரி டிப்ளோமா போதும். சம்பளம் குறைவுதான். ஆனால் சின்னவர்களோடு இருப்பதே உங்கள் விருப்பம் என்றால் அந்த வழியில் சீக்கிரம் போய்ச் சேரலாம்.

கட்டணத்தைக் கணக்கிடும்போது பயிற்சிக் கற்பித்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015இல் படிப்பை நான்கு செமஸ்டராக்கியபோது பயிற்சியையும் குறைந்தது 80 நாட்களாக்கினார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பள்ளியில் பயிற்சி என்று முடிவுசெய்வது பல்கலைக்கழகம். கார் இல்லாதவர் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் அகதி அங்கீகாரம் பெற்றவர்களும் மாகாணக் கல்விக் கடனான 'ஓசாப்'புக்கு விண்ணப்பிக்கலாம்.

பிரிவு தப்பிப்போனால் வாழ்க்கை போய்விட்டது என்று இல்லை. உரிமம் கிடைத்த பிறகு கூடுதல் தகுதிக் கோர்ஸ்கள் மூலம் இன்னொரு பிரிவைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மேல்வகுப்புப் பாடம் சேர்க்க வேண்டுமானால் அங்கேயும் அந்தப் பழைய மதிப்பெண் பட்டியலைத்தான் கேட்பார்கள்.

அந்தப் பட்டியலை உங்கள் பழைய பல்கலைக்கழகமே, வெளிநாட்டுப் பட்டங்களை இங்கே மதிப்பிடும் நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும். அங்குள்ள அலுவலகம் கடிதத்தைத் திறக்கவே எத்தனை வாரம் எடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். டிசம்பரில் விண்ணப்பிக்க நினைப்பவர், ஊரில் நடந்துபோய் அலுவலகத்தில் கேட்கக்கூடிய ஒருவரைக் கோடையிலேயே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.