சருகுக்கு வைத்த தீ

கானாடுகாத்தான் வீட்டுப் பின்கட்டில் இரண்டு வேம்பு, ஒரு மா. பங்குனியில் சருகு கணுக்கால் வரை கிடக்கும். கூட்டி, பின்வாசல் தெருவோரம் குவித்துக் கொளுத்துவதுதான் வழக்கம். போன வருஷம் காற்று திரும்பி, எதிர்வீட்டு ஆச்சி காயவைத்த வற்றல் மேலெல்லாம் கரி.

"தம்பி, உங்க குப்பைய நாங்க திங்கணுமாக்கும்?"

சுருக்கென்றது. அனுமதி வாங்கி எரிக்கலாமோ என்று விசாரித்தேன். அனுமதியாவது ஒன்றாவது! தெருவில், பொது இடத்தில் குப்பையை எரிக்கவே கூடாது என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. அந்த வருஷம் டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அபராதமும் சொல்லிவிட்டது: சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் என்றால் 25,000.

பின்கட்டு மூலையில் பழைய செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, மூன்றடிக்கு மூன்றடி உரத்தொட்டி கட்டினேன். முதல் மாதம் வெறும் சருகைக் கொட்டி ஏமாந்தேன். மொரமொரவென்று அப்படியே கிடந்தது. பிறகு ஒரு முழம் சருகு, மேலே சாணிக் கரைசல், மறுபடி சருகு. கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரியணும், தண்ணீர் சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறினேன். மா இலைதான் லேசில் மசியாது. கத்தியால் கொத்திப் போட்டேன்.

ஆவணியில் அள்ளிய முதல் கூடை உரம் ஆச்சி வீட்டுக் கத்தரிச் செடிக்குப் போனது. வற்றல் பேச்சை அவர் எடுக்கவில்லை.