கட்டைப் பிய்த்து எடுக்காதீர்கள்: புண்ணுக்கு டிரெஸ்ஸிங் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக் சைலன்சரில் காலைச் சுட்டுக்கொண்ட ஒரு அம்மா நாலாவது நாள் என்னிடம் டிரெஸ்ஸிங்குக்கு வந்தார். வீட்டிலேயே பஞ்சை வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். பஞ்சு காய்ந்து புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. "சட்டுனு இழுத்துடுங்கம்மா, ஒரே வலியாப் போகட்டும்" என்றார். நான் இழுக்கவில்லை. சலைன் எனும் உப்பு நீரை ஊற்றி ஊறவைத்து, பத்து நிமிடம் பொறுத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தேன். அப்படியும் மிச்சமிருந்த பஞ்சு இழைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

டிரெஸ்ஸிங் அறையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். புண்ணின் மேல் நேரடியாகப் பஞ்சை வைக்கவே கூடாது. வெறும் காஸ் துணியும் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்க்கும்போது வருவதைக் கெட்ட ரத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்போதுதான் வளர்ந்த மெல்லிய சதை கிழிந்து வரும் ரத்தம் அது. தினமும் பிய்த்தால் புண் தினமும் முதலிலிருந்து ஆறத் தொடங்க வேண்டும். சிராய்ப்புக்கும் மேலோட்டமான தீப்புண்ணுக்கும் பாரஃபின் காஸ் என்று மருந்துக் கடையில் கேளுங்கள். வாசலின் போன்ற பாரஃபினில் தோய்த்த வலைத்துணி அது. அவ்வளவாக ஒட்டாது. அதன் மேல் சாதா காஸை வைத்துக் கட்டலாம்.

"காத்தாட விட்டாத்தான் புண் ஆறும்" என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பேச்சு. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், பாலித்தீன் படலத்தால் மூடிவைத்த காயங்களில், திறந்து விட்ட காயங்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு வேகமாகப் புதுத்தோல் மூடியது. காரணம் எளிது. காய்ந்து பொருக்குத் தட்டினால், புதுத்தோல் செல்கள் பொருக்குக்கு அடியில் வழி தேடி நகர வேண்டும். ஈரப்பதம் இருந்தால் நேராக நகரும்.

சரி, அதற்காக எல்லாப் புண்ணையும் ஈரமாகவே மூடி வைக்கலாமா என்றால், கூடாது. முதலில் புண்ணைப் பாருங்கள். நீர் நிறையக் கசிகிறதா, லேசாகவா, வறண்டு கிடக்கிறதா? கடற்பாசியிலிருந்து செய்யும் ஆல்ஜினேட், ஸ்பாஞ்ச் போன்ற ஃபோம் ஆகிய டிரெஸ்ஸிங் வகைகள் கசிவை உறிஞ்சுபவை. வறண்ட புண்ணில் ஆல்ஜினேட்டை வைத்தால் இருக்கிற ஈரமும் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஈரம் தரும் கூழ் வகையான ஹைட்ரோஜெல்தான் பொருந்தும். கண்ணாடி போன்ற ஃபிலிம் எதையும் உறிஞ்சாது. கசியும் புண்ணில் ஒட்டினால் அடியில் குளம் கட்டும். புண்ணைச் சுற்றியுள்ள தோல், வெகுநேரம் துணி துவைத்த கைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். கூடுதலாக உறிஞ்சும் வகைக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டும் வகை டிரெஸ்ஸிங் போட்டவர்கள் பயந்துபோய் ஓடி வருவார்கள். எடுத்தால் அடியில் மஞ்சளாகக் கூழ், கூடவே ஒரு வாடை. பெரும்பாலும் அது சீழ் கிடையாது, டிரெஸ்ஸிங்கே கசிவை உறிஞ்சிக் கூழாவதுதான். கழுவிய பிறகும் வாடை போகவில்லை, சுற்றிலும் சிவந்து சூடாக இருக்கிறது, வலி கூடுகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

டெட்டால், ஸ்பிரிட், நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் கிருமியோடு சேர்த்து வளரும் செல்லையும் எரிக்கும். சின்னக் காயத்துக்குச் சுத்தமான குழாய்த் தண்ணீரே போதும். மஞ்சள்தூள், காப்பித்தூள், தீப்புண்ணில் பற்பசை ஆகியவற்றைத் தயவுசெய்து வைக்காதீர்கள். அடியில் புண் எப்படி இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாமல் போகிறது. தீப்புண் பட்ட உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள்.

சர்க்கரை நோயாளியின் கால்புண் தனி ரகம். வலி தெரியாததால் கட்டு இறுகினாலும் அவர் சொல்ல மாட்டார். அதனால் டேப்பை விரலைச் சுற்றி வளையமாக ஒட்டாதீர்கள், வீங்கினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். செருப்புக்குள் அழுத்தும் அளவுக்குக் கட்டைத் தடிமனாக்கவும் கூடாது. சின்னப் புண்தானே என்று நீங்களே ஹைட்ரோகொலாய்டு வாங்கி ஒட்டி நாலைந்து நாள் பார்க்காமல் விட்டால், உள்ளே சீழ் பிடிப்பதே தெரியாது. எந்த டிரெஸ்ஸிங் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அப்புறம் ஒன்று. ஃபோம், ஹைட்ரோகொலாய்டு போன்றவை கசியாமல், ஓரம் பிரியாமல் இருந்தால் சில நாள் அப்படியே இருக்கலாம். தினமும் திறந்து பார்ப்பது கெடுதல்தான். என்று போட்டோம் என்பதுதான் வீட்டில் மறந்துபோகும். டேப்பின் மேலேயே பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். அடுத்து மாற்றப்போகிறவர் நீங்களாக இருந்தாலும் நானாக இருந்தாலும் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.