வேலை தேடும்போது தனியாக இருக்காதீர்கள்

வேலை தேடுகிற நாட்களில் முதலில் சோர்ந்துபோவது மனசுதான், அதிலும் அறைக்குள் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டு தனியாகத் தேடினால் இன்னும் சீக்கிரம். அதனால் வெளியே போக ஒரு இடம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் நடக்கிறது. டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறார்கள், ஆனால் என்னைக் கேட்டால் பாடத்தை விடப் பெரிய லாபம், உங்கள் நிலையிலேயே இருக்கிற நாலு பேர் பழக்கமாவதுதான், எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவலும் அவர்கள் வழியாகவே காதுக்கு வரும். தனியார் வேலை முகாம் எப்போது என்றும் அங்கேயே கேளுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் செய்த பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மறக்காதீர்கள். பதிந்து 5 ஆண்டு ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருந்தால், உதவித்தொகை உண்டு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். சின்னத் தொகைதான், பஸ் காசுக்காவது ஆகும், கேட்க வெட்கமே வேண்டாம்.

அப்புறம், "வேலை என்னாச்சு?" என்று யாராவது கேட்பார்களோ என்ற பயத்திலேயே தூக்கம் கெடுகிறதா? 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.