பிழை இப்போது யார் கையில்?

“தேதி சில சமயம் தப்பாக வருகிறது.” இப்படியொரு தலைப்புடன் டிக்கெட், அதாவது மென்பொருள் பிழையைத் தெரிவிக்கும் பதிவு, வந்தால், திறப்பதற்கு முன்பே எனக்கு எரிச்சல் வந்துவிடும். எந்தத் தேதி? எந்தத் திரையில்? சில சமயம் என்றால் எப்போது? மென்பொருள் சோதிப்பதே என் பிழைப்பு. எழுதியவரைத் தேடிப் பிடித்து இந்தக் கேள்விகளைக் கேட்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது.

அதே பிழையை இப்படி எழுதிப் பாருங்கள்: “நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணிக்குள் பதிவாகும் ஆர்டர், பட்டியலில் முந்தைய நாள் தேதியுடன் தெரிகிறது.” அனுபவமுள்ள டெவலப்பருக்குத் தலைப்பே பாதி விடை. பயனர் இருப்பது யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி நேரம் முன்னால் ஓடும் இடமாக இருக்கும். சர்வர் யுடிசி தேதியை அப்படியே காட்டுகிறதோ என்று உடனே சந்தேகிப்பார்.

தலைப்புக்குக் கீழே மூன்று விஷயங்கள் கட்டாயம்: என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. செய்ததைப் படிப்படியாக எழுதுங்கள். மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், பிரவுசர், இந்தப் பிழைக்கு நேர மண்டலமும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் நல்லதுதான், ஆனால் பிழைச் செய்தியை எழுத்தாகவும் ஒட்டுங்கள். படத்துக்குள் இருப்பது நாளை யாருடைய தேடலிலும் அகப்படாது. லாக் (மென்பொருள் தானே எழுதிவைக்கும் இயக்கப் பதிவு) இணைக்கும்போது கடவுச்சொல், வாடிக்கையாளர் விவரம் எதுவும் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பிழை மட்டும். இரண்டைச் சேர்த்து எழுதினால், ஒன்று சரியானதும் மற்றொன்றும் சேர்ந்து மூடப்பட்டுவிடும்.

புதிதாகப் பதிவதற்கு முன் பழையவற்றில் தேடுங்கள். பிழைச் செய்தியை வைத்து ஒரு முறை, வேறு சொற்களில் இன்னொரு முறை. முன்பு சரிசெய்து மூடிய பிழை புதிய பதிப்பில் திரும்ப வந்திருந்தால், நான் புது டிக்கெட் திறந்து பழையதன் எண்ணை அதில் குறிப்பேன். அறிகுறி ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம்.

அடுத்தது எப்போதும் சண்டை நடக்கும் இடம். தீவிரம் வேறு, முன்னுரிமை வேறு. தீவிரம் என்பது பிழை எவ்வளவு சேதம் செய்கிறது என்பது. முன்னுரிமை என்பது எதை முதலில் சரிசெய்வது என்பது. முகப்புத் திரையில் நிறுவனத்தின் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தால் தீவிரம் சொற்பம், ஆனால் இன்றே திருத்தியாக வேண்டும். யாரும் எட்டிப்பார்க்காத பழைய அறிக்கைத் திரை செயலிழந்து நின்றால் தீவிரம் அதிகம், இருந்தும் காத்திருக்கலாம். தீவிரத்தைச் சோதிப்பவர் சொல்லட்டும், முன்னுரிமையை அந்த மென்பொருளுக்குப் பொறுப்பானவர் முடிவு செய்யட்டும். எல்லா டிக்கெட்டிலும் ‘மிக அவசரம்’ என்று போடும் குழுவில் எதுவுமே அவசரமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

டிக்கெட் கடந்துபோகும் நிலைகளின் பெயர்கள் கருவிக்குக் கருவி மாறும். மொசில்லா திட்டத்துக்காக 1998-இல் டெரி வைஸ்மன் எழுதிய பக்சில்லா என்ற பிழைப் பதிவுக் கருவியில் உறுதியாகாதது, புதியது, ஒப்படைக்கப்பட்டது, தீர்க்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரிசை இருந்தது. இன்னொரு கருவியான ஜிராவில் ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயர் எதுவானாலும், டிக்கெட்டைத் திறந்தவுடன் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: இது இப்போது யார் கையில், அவர் எதற்காகக் காத்திருக்கிறார். ‘கூடுதல் தகவல் தேவை’ என்று நிலையை மாற்றும் டெவலப்பர், அதைப் பதிந்தவர் பெயருக்குத் திருப்பவில்லையென்றால் அந்த டிக்கெட் அனாதை.

‘என் கணினியில் சரியாக ஓடுகிறது’ என்ற பதிலுக்குக் கோபப்பட வேண்டாம். அது ஒரு தடயம். நம் தேதிப் பிழையில், அவருடைய கணினி யுடிசியில் ஓடினால் பிழை தெரியவே தெரியாது. எந்த பில்ட் (ஓட்டிப் பார்க்கத் தொகுத்த மென்பொருள்), எந்த நேர மண்டலம் என்று கேளுங்கள்.

கடைசியாக எந்தப் பதிப்பில் சரியாக இருந்தது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். நல்ல பதிப்பும் கெட்ட பதிப்பும் கிடைத்துவிட்டால், மென்பொருள் குறியீட்டின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போகும். 1000 கமிட்டுகள், அதாவது பதிந்த மாற்றங்கள், இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளி அகப்படும்.

திருத்தம் வரும்போது கமிட் செய்தியில் டிக்கெட் எண் இருக்க வேண்டும். திருத்தத்துக்கு முன் தோற்று, பின் தேறும் ஒரு தானியங்கிச் சோதனையும் கூடவே வர வேண்டும். குறியீட்டை வைத்திருக்கும் இணையதளமான கிட்ஹப்பில், கமிட் செய்தியில் ‘ஃபிக்சஸ் #214’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், அந்த மாற்றம் குறியீட்டின் முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும். வசதிதான், ஆனாலும் எனக்குப் பிடிக்காது. குறியீடு சேர்ந்தது என்பதற்கு அது சான்று, பிழை போனது என்பதற்கு அல்ல. மூடும் உரிமை திருத்தியவருக்கு வேண்டாம், பதிந்தவருக்கோ சோதிப்பவருக்கோ இருக்கட்டும்.

சரிபார்ப்பதற்கு முன் திருத்தம் அடங்கிய பில்ட் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் டிக்கெட்டில் உள்ள அதே படிகள். பிறகு அக்கம்பக்கம்: மாதக் கடைசி, ஆண்டுக் கடைசி, யுடிசிக்கு மேற்கே உள்ள நேர மண்டலங்கள். அங்கே இதே பிழை மாலையில் அடுத்த நாள் தேதியாக வரும். அதன் பிறகு பலரும் மறக்கும் ஒன்று, ஏற்கெனவே சேமித்த தரவு. தேதியோடு மணியும் நிமிடமும் சேமிப்பில் இருந்தால் காட்டும் விதத்தைத் திருத்தினால் போதும். வெறும் தேதி மட்டும் தப்பாகப் பதிவாகியிருந்தால் பழைய ஆர்டர்கள் தப்பாகவே நிற்கும். அதற்குத் தனி டிக்கெட் வேண்டும். பிழை இன்னும் இருந்தால் மறுபடி திறந்து, எந்த பில்ட்டில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். “இன்னும் வருகிறது” என்று மட்டும் எழுதினால் மறுபடி என் எரிச்சல்தான்.

பாதுகாப்பு ஓட்டை மட்டும் இந்த வழியில் வரக்கூடாது. எல்லோரும் பார்க்கும் பட்டியலில் பதியாமல், அதற்கென்றுள்ள தனி வழியில் அனுப்புங்கள்.

சரிசெய்யப்போவதில்லை என்று முடிவெடுத்த பிழைகளையும் மூடலாம், தவறில்லை. முடிவெடுத்தவர் யார், ஏன் என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள். பின்னால் இதே பிழையைப் பதிய வருபவர் தேடும்போது அந்த வரி அவருக்குக் கிடைக்கும்.