நாஸ் வாங்குறதுக்கு முன்னாடி கேமரா கார்டை பாருங்க

போன மாசம் சாலிகிராமத்துல ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கு போயிருந்தேன். ரெண்டே ரெண்டு எடிட்டர், புதுசா நாலு டிஸ்க் போடுற நாஸ் (எல்லா கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியா பங்கு போட்டுக்குற ஸ்டோரேஜ் பெட்டி) வாங்கி வச்சிருக்காங்க, முகூர்த்தத்தை மூணு கேமரா மல்டிகேம்ல ஓட்டினா சரியா தாலி கட்டுற இடத்துல படம் நின்னு போகுது, கெட்டிமேளம் சத்தம் ஓடிட்டே இருக்கு, மாப்பிள்ளை கை அப்படியே உறைஞ்சு நிக்குது. "அண்ணே, சாஃப்ட்வேரை மாத்தலாமா, கிராஃபிக்ஸ் கார்டை மாத்தலாமா?"ன்னு கேட்டாங்க. ரெண்டும் வேணாம்பா, மொதல்ல கேமரா மெமரி கார்டுல என்ன ஷூட் பண்ணிருக்கீங்கன்னு காட்டுங்கன்னேன்.

பெரும்பாலான ஸ்டுடியோல நடக்குற தப்பு இதுதான். எந்த சாஃப்ட்வேர்னு மொதல்ல முடிவாயிடுது, அப்புறம் ஆஃபர்ல ஸ்டோரேஜ், ஃபுட்டேஜ் எந்த கோடெக்னு (வீடியோவை சுருக்கி வைக்கிற முறை) பாக்குறது கடைசில. இது அப்படியே தலைகீழா நடக்கணும்.

இவங்க சோனி ஏ7எஸ் 3ல 4கே, 50 ஃப்ரேம், எச்.265 கோடெக்ல, 10 பிட் 4:2:2 கலர்ல எடுக்குறாங்க. செகண்டுக்கு 200 மெகாபிட். எட்டால வகுத்தா 25 மெகாபைட் (இந்த வகுத்தலை மறந்துட்டு கணக்கு போட்டு ஏமாந்தவங்க நிறைய பேரு). மூணு கேமராவும் சேந்து ஓடினா 75. சாதாரண ஜிகாபிட் லைன்ல நெஜமா கெடைக்கிறது 110 மெகாபைட் வரைக்கும்தான், அதனால ஒருத்தர் மட்டும் உக்காந்தா ஓடிடும், ரெண்டு பேரும் உக்காந்தா 150 வேணும், எங்க இருந்து வரும்? ஆளுக்கு ஒரு கேபிள் இருந்தாலும் நாஸ்ல இருந்து வெளிய வர்ற வழி ஒண்ணுதானே.

பின்னாடி ரெண்டு போர்ட் இருக்கு, சேத்து கட்டினா ஸ்பீடு டபுள் ஆயிடும்னு கடையில சொல்லுவாங்க, அதை நம்பி வாங்காதீங்க. ஒரு கம்ப்யூட்டருக்கு போற டேட்டா பொதுவா ஒரே லைன்லதான் போகும், சில நேரம் ரெண்டு எடிட்டரும் ஒரே லைன்லயே மாட்டிக்குவாங்க. நாஸுக்கு ஒரு 10 ஜிகாபிட் கார்டு, எடிட்டர் மெஷினுக்கு 2.5 ஜிகாபிட், அதுக்கேத்த சின்ன ஸ்விட்ச், கேட் 6 கேபிள், இது போதும். ஆனா லைனை மட்டும் பெருசாக்கினா வேலை முடியாது, ஆறு ஃபைலை ஒரே நேரத்துல படிக்கணும்னா ஹார்டு டிஸ்க் ஹெட் அங்கயும் இங்கயும் ஓடணும், டப்பா மேல போட்டிருக்கிற ஸ்பீடு அப்போ வராது. அதனாலதான் ப்ராக்ஸி (எடிட் பண்ண மட்டும் சின்ன சைஸ்ல ஒரு காப்பி) போடுங்கன்னு கெஞ்சாத குறையா சொல்றேன். 1080ல ப்ரோரெஸ் ப்ராக்ஸி செகண்டுக்கு 10 மெகாபைட் கூட வராது, அதுல எடிட்டை முடிச்சிட்டு கலருக்கு மட்டும் ஒரிஜினலுக்கு போங்க, பழைய ஜிகாபிட் லைனே தாங்கும்.

அப்புறம் ஒரு டெஸ்ட். திக்குற கிளிப்பை லோக்கல் எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணி ஓட்டிப் பாருங்க. அங்கயும் திக்கினா நாஸ் மேல தப்பே இல்ல. இவங்க ரெண்டாவது மெஷின்ல அப்படித்தான் ஆச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல கொஞ்சம் காசு மிச்சம்னு பேர் கடைசில எஃப் எழுத்து போட்ட இன்டெல் ப்ராசஸர் வாங்கிருக்காங்க, அதுல உள்ளுக்குள்ள இருக்குற கிராஃபிக்ஸ் கெடையாது. எச்.265 4:2:2ஐ ஈஸியா பிரிச்சு ஓட்டுறதே 11வது ஜெனரேஷன்ல இருந்து அந்த கிராஃபிக்ஸ்தான். என்விடியா கார்டுல அந்த வசதி 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்லதான் வந்துச்சு, அதுக்கு முந்தின கார்டு எவ்வளவு வெலை கொடுத்து வாங்கினாலும் இந்த வேலை மட்டும் அதால ஆகாது.

சாஃப்ட்வேர்ல எது பெஸ்ட்டுன்னு சண்டை போடுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, ஒரே ப்ராஜெக்ட்ல ரெண்டு பேர் எப்படி வேலை செய்வாங்கன்னு மட்டும் கேளுங்க. அவிட்ல பின் லாக் (ஒருத்தர் வேலை செய்ற ஃபோல்டரை மத்தவர் மாத்தாம பூட்டுறது) ரொம்ப காலமா இருக்கு, ப்ரீமியர்ல பெரிய வேலையை சின்ன ப்ராஜெக்ட்டா பிரிச்சு பங்கு போட 2020ல இருந்து ப்ரொடக்‌ஷன்ஸ் இருக்கு, டாவின்சில ரெண்டு பேரும் சேந்து வேலை செய்ய ப்ராஜெக்ட் சர்வர் போட்டுக்கலாம், ஃபைனல் கட் ஆப்பிள் மெஷின்ல மட்டும்தான். இதெல்லாம் விட்டுட்டு ஒரே ப்ராஜெக்ட் ஃபைலை ரெண்டு பேர் தொறந்து, கடைசியா சேவ் பண்ணவர் மத்தவரோட நாள் முழுக்க செஞ்ச வேலையை அழிச்ச கதை நான் நேர்லயே பாத்திருக்கேன், அந்தப் பையன் அழுதே விட்டான். வெர்ஷனும் அப்படித்தான், ப்ரீமியர்ல ஒருத்தர் மட்டும் அப்டேட் பண்ணி சேவ் பண்ணா பழைய வெர்ஷன் வச்சிருக்கிறவருக்கு அந்த ப்ராஜெக்ட் தொறக்காம போகலாம். டெலிவரி முடியுற வரைக்கும் யாரும் அப்டேட்டை தொடக்கூடாது.

இடத்தையும் கணக்கு பண்ணுங்க. ஒரு கேமரா ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி, ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேத்து மூணு கேமரா ஆளுக்கு நாலு மணி நேரம் ஓடினா ஒரு கல்யாணமே 1 டிபிக்கு மேல. நாலு 8 டிபி டிஸ்க்கை ராய்டு 5ல (டிஸ்க்கெல்லாம் சேத்து கட்டுற முறை, ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்கு போயிடும்) போட்டா கையில நிக்கிறது 24 டிபி, அதையும் கழுத்து வரைக்கும் நிரப்பக்கூடாது. தை மாசமும் வைகாசியும் சேந்தா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க.

ராய்டு இருக்கு, பேக்கப் எதுக்குன்னு மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. ராய்டு 5 ஒரு டிஸ்க் செத்தா தாங்கும், அவ்வளவுதான். ஃபோல்டரை தெரியாம டெலீட் பண்ணா எல்லா டிஸ்க்லயும் ஒரே நொடில போயிடும். கரண்ட் போய் போய் வர்ற ஏரியான்னா யுபிஎஸ் வாங்குங்க, அதோட யுஎஸ்பி வயரை நாஸ்ல சொருகுங்க, பேட்டரி தீரும்போது நாஸ் தானா ஒழுங்கா ஆஃப் ஆகும், நிறைய பேர் அந்த வயரை கவர் கூட பிரிக்காம வச்சிருப்பாங்க. இன்னொரு காப்பி வேற கட்டடத்துல இருக்கணும். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னைல தரைத்தளத்துக்குள்ள தண்ணி வந்ததை பாத்தவங்க நாம, கல்யாணத்தை யாரும் ரீடேக் எடுக்க முடியாது.

சாலிகிராமத்து பசங்க ப்ராசஸரை மாத்திட்டாங்க, ப்ராக்ஸிக்கு பழகிட்டு இருக்காங்க. முடிஞ்ச கல்யாணம் எல்லாம் தனி டிஸ்க்ல காப்பி ஆகி, ஒரு எடிட்டரோட அம்மா வீட்டு பீரோல, பட்டுப்புடவைக்கு பக்கத்துல, பெரம்பலூர்ல பத்திரமா இருக்கு.